ஃபை நோடும் நானும்: சில வருட அனுபவம்

சில வருடங்களாக லினக்ஸ் போர்டுகளுக்கு டிவைஸ் ட்ரீ (போர்டில் என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்று லினக்ஸின் மையமான கர்னலுக்குச் சொல்லும் கோப்பு) எழுதி வருகிறேன். ஈதர்நெட் பகுதி பார்க்க எளிது: மேக்குக்கு (ஈதர்நெட் கட்டுப்படுத்தி) ஒரு நோடு, அதாவது கோப்பில் ஒரு பகுதி; அதற்குள் ஃபையுடன் பேசும் எம்டிஐஓ பஸ், பஸ்ஸுக்குள் கேபிள் சிக்னலைக் கையாளும் ஃபை சிப். 'ரெக்'கில் ஃபையின் முகவரி, 0 முதல் 31 வரை. 'ஃபை-ஹேண்டில்' மேக்கையும் ஃபையையும் இணைத்துவிடும். இந்த அடுக்கு பழகிவிட்டால் புது போர்டுக்கு அரை நாள் போதும்.

என்னை அலைக்கழித்தது, மேக்குக்கும் ஃபைக்கும் இடையே எந்த வகை இணைப்பு என்று சொல்லும் 'ஃபை-மோட்' என்ற ஒரே வரி. பழைய போர்டு ஒன்றில் 'ஆர்ஜிஎம்ஐஐ' என்ற இணைப்பு வகையை எழுதியிருந்தேன், நன்றாக ஓடியது. கர்னலை மாற்றியதும் லிங்க் வந்தது, பிங் மட்டும் போகவில்லை. 100 மெகாபிட்டுக்கு இறக்கினால் போனது! கேபிளைச் சந்தேகித்தே இரண்டு நாள் கழிந்தது.

ஜிகாபிட்டில் கிளாக் 125 மெகாஹெர்ட்ஸ், ஒரு சுற்றுக்கு 8 நானோ நொடி. டேட்டா இரண்டு விளிம்பிலும் போவதால் கிளாக்கைச் சுமார் 2 நானோ நொடி தாமதிக்க வேண்டும். வெறும் 'ஆர்ஜிஎம்ஐஐ' என்றால் அந்தத் தாமதம் போர்டின் தடங்களிலேயே இருக்கிறது என்று பொருள். என் போர்டில் அப்படி எதுவும் இல்லை. பழைய டிரைவர் அந்த வரியைக் கண்டுகொள்ளாமல், சிப்பில் ஏற்கெனவே இருந்த தாமதத்தை அப்படியே விட்டிருந்தது. புதியது நான் எழுதியதை நம்பி அதை அணைத்துவிட்டது. தாமதத்தை ஃபையே சேர்க்கட்டும் என்று பொருள்படும் 'ஆர்ஜிஎம்ஐஐ-ஐடி' என்று மாற்றியதும் சரியானது. கோப்பு விதிப்படி எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கீமா சோதனை இரண்டையும் ஒன்றுபோல ஏற்றுக்கொள்ளும். சர்க்யூட் வரைபடம் அதற்குத் தெரியாதே.

அப்புறம் ரீசெட். ரீசெட்டை எந்தப் பின் இயக்குகிறது என்று சொல்லும் 'ரீசெட்-ஜிபிஐஓஸ்' வரியை ஃபை நோடில் எழுதினேன். ஆனால் ஃபை ரீசெட்டில் கிடக்கும்போதே கர்னல் அதன் ஐடியை (எந்தச் சிப் என்று காட்டும் எண்) படிக்கப் போனது. பதில் இல்லை, ஃபையே இல்லை என்று முடிவுகட்டியது. இது எந்தச் சாதனம் என்று சொல்லும் 'கம்பேட்டிபிள்' வரியில் ஐடியை நேரடியாக எழுதினால் படிக்கும் வேலையே இல்லை. அப்படித்தான் செய்தேன், சில மாதம் நிம்மதி. பிறகு அதே கால் அமைப்புள்ள வேறு ஃபை ஒட்டிய போர்டுகள் வந்தன. கர்னலோ நான் எழுதிய ஐடியைப் பிடித்துக்கொண்டு பழைய டிரைவரையே ஏற்றியது. கடைசியில் ரீசெட்டை எம்டிஐஓ நோடுக்கு நகர்த்தி, ஐடியை அழித்துவிட்டேன். பஸ்ஸைத் தேடும் முன்பே ரீசெட் விடுபடுவதால், இப்போது இரண்டு வகை போர்டும் ஒரே கோப்பில் ஓடுகின்றன.