பிஎஸ்5, ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் ரெண்டையும் வச்சு ரொம்ப நாள் ஆடினதுல தெரிஞ்சது

டிவிக்கு கீழ சோனியோட கேம் கன்சோல் பிஎஸ்5 ஒன்னு இருக்கு, டேபிள் மேல என்விடியாவோட ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் சிப் போட்ட ஒரு 16 இன்ச் லேப்டாப் இருக்கு, அதோட ஸ்கிரீன் 2560க்கு 1600, 165 ஹெர்ட்ஸ். சில கேம் ரெண்டுலயும் வச்சிருக்கேன், அதனால ஒரே இடத்தை இதுல ஒரு தடவை அதுல ஒரு தடவைன்னு நின்னு பார்க்க முடியுது. பார்க்கிறவங்க எல்லாரும் கேக்குறது ஒன்னுதான், "எதுல கிராபிக்ஸ் நல்லா இருக்கு?" ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஜூம் பண்ணிப் பார்த்தா லேப்டாப். ஆட ஆரம்பிச்சு ஒரு மணி நேரம் ஆனப்புறம் கேட்டா பல கேம்ல பிஎஸ்5. ஏன் அப்படின்னுதான் கீழ எழுதியிருக்கேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

முதல்ல இந்த டெராஃப்ளாப்ஸ் (சிப் நொடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்கு போடும்ங்கற நம்பர்) சண்டைய ஓரம் கட்டிடலாம். பிஎஸ்5 10.28, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 12.15, 4060 லேப்டாப்புக்கு 3072 கோர் (கணக்கு போடுற சின்ன யூனிட்), கிளாக் (அது ஓடுற வேகம்) 1470ல இருந்து 2370 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும்னு என்விடியாவே போட்டிருக்கான், ஒரு கோர் ஒரு கிளாக்ல ரெண்டு கணக்குன்னு வச்சு பெருக்கிப் பார்த்தா 9லயும் நிக்கும், 14.5க்கும் போகும். அதாவது ஒரே பேர் உள்ள சிப், ஒரு லேப்டாப்ல பிஎஸ்5க்கு கீழ, இன்னொன்னுல சீரிஸ் எக்ஸுக்கு மேல, பேப்பர்ல. போதாததுக்கு என்விடியா 30 சீரிஸ்ல இருந்து கோர் எண்ணுற விதமே மாறிடுச்சு, கன்சோல்ல இருக்கிற ஏஎம்டி சிப்போட நம்பரையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வச்சா அர்த்தமே வராது. சீரிஸ் எக்ஸ் நம்பர்ல பிஎஸ்5ஐ விட பெருசுதான், ஆனா ரெண்டுலயும் வந்த கேம்ல பாதிக்கு மேல வித்தியாசம் கண்டுபிடிக்க பூதக்கண்ணாடி வேணும்.

லேப்டாப்ல பார்க்க வேண்டிய நம்பர் வாட், அதாவது சிப்புக்கு எவ்வளவு பவர் குடுக்குறாங்கங்கறது. 4060 லேப்டாப் சிப் 35 வாட்ல இருந்து 115 வாட் வரைக்கும் எங்க வேணா செட் பண்ணிக்கலாம், அது லேப்டாப் கம்பெனி இஷ்டம், பெட்டி மேல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல மட்டும் எல்லாத்துக்கும் ஒரே பேர். ஃப்ரெண்ட் ஒருத்தன் போன் பண்ணி "டேய், என்கிட்டயும் 4060தான, உனக்கு ஓடுற மாதிரி எனக்கு ஏன்டா ஓட மாட்டேங்குது"ன்னு புலம்பினான், அவன்து ஒல்லியான லேப்டாப், என்விடியா கண்ட்ரோல் பேனல்ல சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திறந்து மேக்ஸிமம் கிராபிக்ஸ் பவர் என்ன போட்டிருக்குன்னு பாருடான்னேன், பார்த்தா 60 வாட். என்னோடது 115. அதுலயும் இந்த சிப் 100 வாட் பக்கத்துல போனதுமே வோல்டேஜ் லிமிட்ல முட்டிக்கும், மேல பவர் குடுத்தாலும் வேகம் பெருசா ஏறாது, அதனால சிபியு பங்குல இருந்து எடுத்துக்கிறதையும் சேர்த்து 140 வாட்னு பெருசா விளம்பரம் பண்றதுக்கு ரொம்ப மயங்க வேணாம், ஆனா 60க்கும் 100க்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் கண்ணுக்கு நல்லாவே தெரியும். பெரிய கார்டுலயும் இதே பேர் விளையாட்டுதான், 4090 லேப்டாப்ல 9728 கோர், 16 ஜிபி, டெஸ்க்டாப் 4090ல 16384 கோர், 24 ஜிபி. ரெண்டுக்கும் ஒரே பேரு!

கன்சோல்ல இந்த தலைவலியே இல்ல. 2020 மார்ச்சுல, பிஎஸ்5ஐ வடிவமைச்ச மார்க் செர்னி அதோட ஹார்டுவேர் பத்தி பேசினப்போ சொன்ன விஷயம் ஒன்னு எனக்கு அப்போ பெருசா படல, லேப்டாப் வாங்கினப்புறம்தான் உறைச்சுது. பிஎஸ்5 கிளாக் ஏறி இறங்குறது சூட்டைப் பார்த்து இல்ல, சிப் என்ன வேலை செய்யுதுங்கறதைப் பார்த்து. மொத்த பவர் ஒரு அளவு, அதுக்குள்ள சிபியுவும் (பொதுக் கணக்கு பார்க்கிறது) ஜிபியுவும் (படம் வரையிறது) பங்கு போட்டுக்கும். அதனால ஏசி ரூம்ல இருக்கிற பிஎஸ்5ம் புழுக்கமான ரூம்ல இருக்கிற பிஎஸ்5ம் ஒரே மாதிரிதான் ஓடும், ஃபேன் சத்தம் வேணா மாறும்.

இப்போ ஸ்கிரீன்ல தெரியிற படத்துக்கு வர்றேன். ஆலன் வேக் 2ங்கற திகில் கேமை ரெண்டுலயும் ஆடினேன், ஒப்பிட்டுப் பார்க்க இதை விட நல்ல கேம் கிடைக்காது, ஏன்னா முழுக்க காடு, இலை, முள்ளு, டார்ச் வெளிச்சம், ஈரமான ரோடு. பிஎஸ்5 பெர்ஃபார்மன்ஸ் மோட்ல உள்ளுக்குள்ள வரையிறது 847பி (மேல இருந்து கீழ 847 வரி புள்ளி), அதை எஃப்எஸ்ஆர் 2ங்கற, படத்தைப் பெருசாக்குற ஏஎம்டி டெக்னிக் வச்சு 1440பிக்கு ஏத்தி டிவிக்கு அனுப்புது. லேப்டாப்ல 1600பி ஸ்கிரீன், அதே வேலையை ஏஐ வச்சு செய்யற என்விடியாவோட டிஎல்எஸ்எஸ்ஸை குவாலிட்டில போட்டா உள்ள வரையிறது 1067பி கிட்ட. கேக்க பெரிய வித்தியாசமா தெரியாது. ஆனா நேர்ல பார்க்கணும். காட்டுக்குள்ள கேமராவை மெதுவா திருப்பினா பிஎஸ்5ல தூரத்துல இருக்கிற சின்ன கிளை எல்லாம் மினுமினுன்னு நடுங்கும், கம்பி வேலி பக்கத்துல நின்னா கம்பி விட்டு விட்டு தெரியும், கேரக்டர் முடியோட ஓரம் புள்ளி புள்ளியா உடையும். அதே இடத்துல லேப்டாப்ல டிஎல்எஸ்எஸ் கம்பியை கம்பியா காட்டுது. பிஎஸ்5ல குவாலிட்டி மோட் போட்டா 1270பில இருந்து 4கே, படம் எவ்வளவோ தெளிவாயிடும், ஆனா 30 எஃப்பிஎஸ் (நொடிக்கு 30 ஃப்ரேம்), அது எனக்கு செட் ஆகல.

ரே ட்ரேசிங், அதாவது வெளிச்சம் நிஜத்துல போற வழியைக் கணக்கு போட்டு வரையிறது, பத்தி சுருக்கமா சொல்லிடறேன். பிஎஸ்5ல இருக்கிற ஏஎம்டியோட ஆர்டிஎன்ஏ 2 தலைமுறை சிப் இதுல வீக், அதனால பல கேம்ல ரிஃப்ளெக்ஷன் மட்டும், இல்லேன்னா நிழல் மட்டும் குடுத்து முடிச்சுக்குவாங்க. சைபர்பங்க் 2077 கேம்ல 2023 ஏப்ரல்ல வந்த பாத் ட்ரேசிங் (எல்லா வெளிச்சத்துக்கும் ரே ட்ரேசிங்) மோடை 4060ல போட்டுப் பார்க்கலாம், ஃப்ரேம் ஜெனரேஷன் (நடு நடுவுல ஏஐ சொருகுற ஃப்ரேம்) எல்லாம் ஆன் பண்ணி நம்பரை ஏத்தலாம், ஆனா அடியில ஓடுற ஃப்ரேம் கம்மியா இருக்கறதால மவுஸ் தேனுக்குள்ள இழுக்குற மாதிரி இருக்கும். சாதா ரே ட்ரேசிங் மீடியம்ல வச்சு ஆடுறதுதான் இந்த கார்டுக்கு அளவு.

அப்போ லேப்டாப் ஜெயிச்சுடுச்சேன்னு தோணும். இங்கதான் ஸ்டட்டர்னு ஒன்னு வருது, ஓடிக்கிட்டே இருக்கிற கேம் ஒரு நொடி திக்குறது. பிஎஸ்5ல எல்லார்கிட்டயும் ஒரே சிப், அதனால ஷேடர் (எதை எப்படி வரையணும்னு ஜிபியுக்கு சொல்ற குட்டி ப்ரோக்ராம்) எல்லாம் முன்னாடியே கம்பைல் பண்ணி, அதாவது அந்த சிப்போட மொழிக்கு மாத்தி, கேமோடவே குடுத்துடறாங்க. பிசில எந்த கார்டு, எந்த டிரைவர்னு முன்கூட்டியே தெரியாது, அதனால நம்ம மெஷின்லயே கம்பைல் ஆகணும். நல்ல கேம் மெனுல நிறுத்தி "ஷேடர் கம்பைல் ஆகுது"ன்னு காட்டி கொஞ்ச நேரம் காக்க வைக்கும், மோசமான கேம் ஆடும்போதே பண்ணும். 60 எஃப்பிஎஸ்ல ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட், அது திடீர்னு ஒரு இடத்துல 60, 70னு எகிறிட்டு திரும்பி வந்தா ஆவரேஜ் எஃப்பிஎஸ் நம்பர்ல அது தெரியவே தெரியாது, ஆனா கைக்கு தெரியும், புது எதிரி வந்து முதல் அடி விழும்போது சரியா அந்த நொடி இழுக்கும். ரிவ்யூல "ஆவரேஜ் 84 எஃப்பிஎஸ்"னு போட்டா எனக்கு அது பாதி தகவல்தான், ஃப்ரேம் டைம் கோடு எப்படி இருக்குன்னு காட்டணும். டிரைவர் அப்டேட் பண்ணினா பல நேரம் அந்த கம்பைல் திரும்பவும் முதல்ல இருந்து, அது தனி கடுப்பு.

கன்சோல்ல எனக்கு ரொம்ப பிடிச்சது 40 எஃப்பிஎஸ் மோட், ராட்செட் அண்ட் க்ளாங்க் ரிஃப்ட் அபார்ட்ல வந்தது, 120 ஹெர்ட்ஸ் டிவி இருந்தா வேலை செய்யும். 30க்கும் 60க்கும் நடுவுல 45தான இருக்கணும்னு தோணும், ஆனா நேரக் கணக்குல பார்த்தா 33.3க்கும் 16.7க்கும் நடு 25 மில்லிசெகண்ட், அதுதான் 40. குவாலிட்டி மோட் படத்தை கிட்டத்தட்ட அப்படியே வச்சுக்கிட்டு கை வேகம் பாதி தூரம் முன்னேறிடும். இந்த ஐடியாவை அப்படியே லேப்டாப்புக்கும் எடுத்துக்கிட்டேன், ஸ்கிரீனை 120க்கு செட் பண்ணி கனமான கேம்ல 40 எஃப்பிஎஸ்க்கு மேல போகாம கேப் போட்டுடறேன், ஃபேன் சத்தமும் பாதியாயிடுது.

சூடு. லேப்டாப்ல முதல் 10 நிமிஷம் எடுக்கிற பெஞ்ச்மார்க்கை நம்பவே நம்பாதீங்க. சிபியு, ஜிபியு ரெண்டோட சூடும் ஒரே ஹீட் பைப் வழியாத்தான் வெளிய போகணும், சிபியு தேவையில்லாம 4.5 கிகாஹெர்ட்ஸ்க்கு மேல எகிறி கொதிச்சா ஜிபியுவும் சேர்ந்து கொதிக்கும், 87 டிகிரி பக்கம் போனதும் கிளாக் படிப்படியா இறங்கும், நீங்க எதுவும் மாத்தாமலே முக்கா மணி நேரத்துல கேம் கொஞ்சம் மந்தமாயிருக்கும். விண்டோஸ் பவர் ஆப்ஷன்ல மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட் 100ஐ 99 ஆக்கினா டர்போ பூஸ்ட் நின்னுடும், சிபியு சூடு சட்டுனு குறையும், அந்த இடத்தை ஜிபியு எடுத்துக்கும், பல கேம்ல எஃப்பிஎஸ் விழாது, சிபியுவைப் போட்டு அடிக்கிற ஸ்ட்ராட்டஜி கேம்ல மட்டும் அடிவாங்கும். பின்பக்கம் ரெண்டு விரல் உயரம் தூக்கி வச்சாலே நல்ல வித்தியாசம். வருஷம் ஆக ஆக தூசி அடைச்சு, சிப் சூட்டைக் கடத்துற தெர்மல் பேஸ்ட் காய்ஞ்சு, அதே கேம் அதே செட்டிங்ல மெதுவா கீழ வரும். திறந்து க்ளீன் பண்ணி பேஸ்ட் மாத்தினதுக்கு அப்புறம் என்னோடது பழைய வேகத்துக்கு வந்துச்சு, வாரண்டில இருக்கும்போது திறக்கலாமான்னு சர்வீஸ் சென்டர்ல கேட்டா ஆளுக்கு ஒரு பதில் சொன்னாங்க, அது வேற கதை. பிஎஸ்5லயும் தூசி சேரும்தான், ஆனா அதுக்குன்னே கவரைக் கழட்டினா தூசி பிடிக்கிற குழி ரெண்டு வச்சிருக்காங்க, வாக்கூம் வச்சு இழுத்தா முடிஞ்சுது.

மெமரி விஷயம்தான் எனக்கு லேப்டாப்ல உண்மையான குறை. பிஎஸ்5ல 16 ஜிபி ஜிடிடிஆர்6, சிபியுவும் ஜிபியுவும் பங்கு போட்டுக்குது, சிஸ்டம் எடுத்தது போக மிச்சம் கேமுக்கு. 4060 லேப்டாப்ல ஜிபியுக்குன்னே தனியா 8 ஜிபி விராம், 4070 லேப்டாப்லயும் அதே 8தான், அதைத்தான் என்னால ஜீரணிக்கவே முடியல. 2023 மார்ச்சுல தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1 பிசிக்கு வந்தப்போ 8 ஜிபி கார்டுல டெக்ஸ்ச்சர் (பொருள் மேல ஒட்டுற படம்) தரத்தைக் குறைச்சா களிமண் மாதிரி இருந்தது, கூட்டினா விராம் பத்தல, அப்புறம் பேட்ச் மேல பேட்ச் விட்டு சரி பண்ணினாங்க. விராம் நிரம்பினா எஃப்பிஎஸ் விழறது மட்டும் இல்ல, சில கேம் எஃப்பிஎஸ்ஸை விட்டுக்குடுக்காம டெக்ஸ்ச்சரை குறைச்சுடும், சுவத்துல இருக்கிற போஸ்டர் கிட்டப் போனாலும் மங்கலாவே இருக்கும், நம்ம செட்டிங் அல்ட்ரான்னு காட்டும். அதனால டெக்ஸ்ச்சர் ஹைல வச்சுட்டு அல்ட்ரா பக்கமே போறதில்ல.

ஸ்கிரீனையும் சேர்த்துக்கணும். லேப்டாப்பை ரெண்டடி தூரத்துல பார்க்கிறோம், சின்ன ஸ்கிரீன், புள்ளி எல்லாம் நெருக்கமா இருக்கும், 1067பில வரைஞ்சாலும் கூர்மையா தெரியும். பெரிய டிவில எட்டடி தள்ளி உக்காந்தா பிஎஸ்5ஓட மினுமினுப்பு பாதி கண்ணுக்கே தெரியாது. ஆனா எச்டிஆர்ல, அதாவது வெளிச்சத்தையும் இருட்டையும் அதிக வித்தியாசத்தோட காட்டுறதுல, டிவி பக்கத்துல லேப்டாப் வரவே முடியாது, பல லேப்டாப் ஸ்கிரீன்ல எச்டிஆர் சப்போர்ட்னு பேருக்கு இருக்கும், ஆன் பண்ணினா வெளுத்துப் போகும். ஓஎல்இடி டிவில ஆலன் வேக் இருட்டு நிஜமாவே இருட்டு. சரி லேப்டாப்பையே டிவில சொருகிடலாமேன்னா சொருகலாம், ஆனா 4கேக்கு டிஎல்எஸ்எஸ் பெர்ஃபார்மன்ஸ் போட்டாலும் விராம் முட்டும், கடைசில செட்டிங் எல்லாம் இறக்கி பிஎஸ்5 தர்ற படத்துக்கு பக்கத்துல வந்து நிக்கும். அப்படி சொருகும்போது மக்ஸ் ஸ்விட்ச் (எந்த கிராபிக்ஸ் சிப் ஸ்கிரீனுக்கு படம் அனுப்பணும்னு மாத்துறது) இருந்தா டிஸ்க்ரீட் மோட்ல, அதாவது 4060 நேரா அனுப்புற மாதிரி வைங்க, இல்லேன்னா சில லேப்டாப்ல படம் சிபியுவோட இருக்கிற இன்டெக்ரேட்டட் சிப் வழியா சுத்தி வரும், கொஞ்சம் எஃப்பிஎஸ் அங்கயே போயிடும்.

பேட்டரில கேம்? விட்டுடுங்க.

நாள் ஆக ஆக ரெண்டும் மாறுற விதமும் வேற. பிஎஸ்5க்கு 2022 ஏப்ரல்ல விஆர்ஆர் (ஃப்ரேம் வர்ற வேகத்துக்கு டிவி தன்னை மாத்திக்கிறது) வந்தது, 50க்கும் 60க்கும் நடுவுல ஆடிக்கிட்டு இருந்த கேம் எல்லாம் அன்னைக்கே வழுவழுன்னு ஆயிடுச்சு. லேப்டாப்புக்கு 2025 ஜனவரில டிஎல்எஸ்எஸ் 4ஓட புது ஏஐ மாடல் வந்தது, 40 சீரிஸ் வச்சிருக்கிறவங்களுக்கும் கிடைச்சுது, பழைய கேம்லயே அந்த நகரும்போது வர்ற மங்கல் நல்லா குறைஞ்சுது, காசு குடுக்காம கார்டு கொஞ்சம் மேல போன மாதிரி. 2024 நவம்பர்ல வந்த பிஎஸ்5 ப்ரோல சோனியும் பிஎஸ்எஸ்ஆர்னு தன்னோட ஏஐ அப்ஸ்கேலிங்கைக் கொண்டு வந்துட்டான், ஜிபியுவை 60 கம்ப்யூட் யூனிட்டா பெருசாக்கினதோட நிக்காம. எஃப்எஸ்ஆர் 2 மினுமினுப்பு ஒரு பிரச்சனைன்னு அவங்களுக்கும் தெரிஞ்சிருக்குன்னு எடுத்துக்கலாம்.

இப்போ கதை கேம் எல்லாம் டிவில, ஷூட்டர், ஸ்ட்ராட்டஜி, மாட் (ரசிகர்கள் பண்ற மாற்றம்) போட்டு ஆடுறது எல்லாம் லேப்டாப்ல. பழைய கேம்ல லேப்டாப் மட்டும்தான் சுகம், 2015ல வந்த விட்சர் 3ஐ இன்னைக்கு கார்டு தாங்குற வரைக்கும் ஏத்தி ஓட்டலாம், யாரும் பேட்ச் விடணும்னு காத்திருக்க வேணாம். அதே 2015ல பிஎஸ்4க்கு வந்த ப்ளட்போர்ன் பிஎஸ்5ல போட்டாலும் இன்னும் 1080பி, இன்னும் 30 எஃப்பிஎஸ், பிசி பக்கம் வரவும் இல்ல. இவ்வளவு பவர் உள்ள பெட்டியை வாங்கி வச்சுட்டு அந்த ஒரு கேமை 30லயே ஆடிக்கிட்டு இருக்கேன்.