மாமல்லபுரம்: ஒரே பகலில் திரும்புவதா, ஓரிரவு தங்குவதா?

சென்னையிலிருந்து காலையில் புறப்பட்டு, மாமல்லபுரத்தைப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்பும் பயணத்தை நான் நான்கு முறை மேற்கொண்டிருக்கிறேன். கும்பகோணத்திலிருந்து வந்திருந்த என் தாயாரை அழைத்துக்கொண்டு சென்ற தை மாதப் பயணத்தில்தான் முதன்முறையாக அங்கே ஓரிரவு தங்கினேன். இரண்டு வகையிலும் பார்த்துவிட்ட பிறகு, யார் கேட்டாலும் தங்கித்தான் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். அதற்கான காரணங்களோடு, அந்த முடிவு யாருக்குப் பொருந்தாது என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

போக்குவரத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவு. புதுச்சேரி செல்லும் பேருந்துகளில் பல ஊருக்குள் வராமல் புறவழிச் சாலையிலேயே இறக்கிவிடும் என்பதை மட்டும் முதியவர்களோடு செல்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. செலவிலும் ஐயத்துக்கு இடமில்லை. அறை வாடகையும் இரண்டு வேளை உணவும் சேர்வதால் தங்கும் பயணத்துக்குக் கூடுதலாகவே ஆகும்.

என் முடிவைத் தீர்மானித்தது வெயில். அதிலும் வெப்பத்தைவிட, வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து எந்தச் சாய்வில் விழுகிறது என்பதே முக்கியம். மாமல்லபுரத்தில் நாம் பார்க்கச் செல்வது பெரும்பாலும் பாறையில் செதுக்கிய புடைப்புச் சிற்பங்களை. தலைக்கு நேர் மேலே சூரியன் நிற்கும்போது புடைப்பின் ஆழம் கண்ணுக்குப் புலப்படாமல் எல்லாம் ஒரே சாம்பல் பரப்பாகிவிடும். சாய்ந்த வெளிச்சம் விழும் நேரத்திலோ ஒவ்வொரு விரலுக்கும் அருகில் ஒரு மெல்லிய நிழல் பிறக்கும். அந்த நிழலைக் கொண்டுதான் நம் கண் சிற்பத்தைப் படிக்கிறது.

அருச்சுனன் தபசு என்றும் கங்கை இறங்கிய காட்சி என்றும் இருவிதமாக அறியப்படும் பெரும்பாறைச் சிற்பம் கிழக்கு நோக்கியது. நடுவில் பிளவுடைய இரு பாறைகளில், ஏறத்தாழ 30 மீட்டர் நீளத்துக்கு அது விரிகிறது. பகல் பதினொரு மணிக்கு அதன் முன் நிற்பவர்களுக்கு இரண்டு பெரிய யானைகளும், ஒற்றைக்காலில் நின்று தவம் செய்பவரும், அருகில் வரம் தரும் சிவனும் தெரியும். நான்கு முறையும் நான் பார்த்தது ஏறக்குறைய அவ்வளவுதான். தங்கிய மறுநாள் காலை ஏழரை மணிக்கு மேல் அதே இடத்தில் நின்றபோது, தவம் செய்பவரின் விலா எலும்புகளை எண்ண முடிந்தது. குளித்துவிட்டுத் துணியைப் பிழியும் மனிதரையும், பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மானையும் என் தாயார் எனக்கு முன்பே கண்டுபிடித்துக் காட்டினார். எலிகள் சூழத் தவக்கோலத்தில் கைகளை உயர்த்தி நிற்கும் பூனை எந்த நேரத்திலும் தெரியக்கூடியதுதான் என்றாலும், அதன் ஒட்டிய வயிற்றை அன்றுதான் கவனித்தேன். பிற்பகலில் சூரியன் பாறைக்குப் பின்னால் சென்றுவிடுவதால் சிற்பம் முழுவதும் நிழலில் கிடக்கும்.

குன்றின் மேலுள்ள மகிடாசுரமர்த்தினி குகையும் கிழக்கு நோக்கியதே. அதன் வடசுவரில் சிங்கத்தின் மேல் அமர்ந்து போர் புரியும் துர்க்கையும், எதிரே தென்சுவரில் பாம்பணையில் துயிலும் திருமாலும் இருக்கிறார்கள். தை மாதத்தில் சூரியன் தென்கிழக்கிலிருந்து எழுவதால், காலை வெளிச்சம் வடசுவரின் பக்கமாகச் சாய்கிறது. எருமைத்தலை அசுரன் கதையை ஊன்றிப் பின்வாங்கும் உடல்வளைவை அந்த வெளிச்சத்தில் பார்த்தவர்கள், பல்லவச் சிற்பிகள் அசைவைக் கல்லில் நிறுத்திய திறத்தை எளிதில் மறக்கமாட்டார்கள்.

ஐந்து ரதங்களுக்கு இதற்கு நேர்மாறான நேரம் வேண்டும். நகுல சகாதேவ ரதம் தெற்கு நோக்கியது. மற்ற நான்கும் மேற்கு நோக்கியவை. ஆகவே மாலை நான்கரை மணிக்குப் பிறகே அவற்றின் முகப்புகளில் வெளிச்சம் தங்குகிறது. கூரைக் குடிசை போன்ற திரௌபதி ரதத்தின் வாயிற்காவல் மகளிரும், உள்ளே தேவியின் காலடியில் தன் தலையையே காணிக்கையாக்கும் வீரனும் அந்த வேளையில் தெளிவாகத் துலங்குகிறார்கள். படுத்திருக்கும் யானையின் பின்புறம்போல் வளைந்த தூங்கானை மாட வடிவில் அமைந்த நகுல சகாதேவ ரதத்தை, பக்கத்திலேயே நிற்கும் கல்யானையின் முதுகோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் அதுவே நல்ல நேரம். குன்றிலுள்ள வராக மண்டபமும் மேற்கு நோக்கியதால் மாலைக்கே உரியது. தருமராஜ ரதம் மட்டும் நான்கு புறமும் சிற்பங்களைக் கொண்டிருப்பதால் எந்த நேரத்தில் சென்றாலும் ஏதாவது ஒரு பக்கம் நமக்குக் கிடைக்கும்.

ஆக, ஊரின் பாதி காலைக்கும் பாதி மாலைக்கும் உரியது. ஒரே பகலில் திரும்புபவர்கள் வழக்கமாகப் பத்து மணியளவில் வந்து சேர்ந்து நான்கு மணிக்குக் கிளம்புவதால் இரண்டையும் இழக்கிறார்கள். விடியலுக்கு முன்பே காரில் புறப்பட்டு ஆறு மணிக்கு அங்கே சேர்ந்துவிடலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். அது நல்ல வழிதான். காலைப் பாதி முழுமையாகக் கிடைத்துவிடும். ஆனால் மாலைக்காகக் காத்திருக்கும் ஐந்தாறு மணி நேரத்தை எங்கே கழிப்பது? நிழல் குறைவான ஊர் அது. நண்பகலில் கருங்கல் தகிக்கும். முன்பு ஒரு சித்திரை மாதப் பயணத்தில் என் சகோதரியின் பிள்ளைகள் ரதங்களின் அருகே உட்கார இடமின்றிச் சோர்ந்துபோனதால், கடற்கரைக் கோயிலைப் பார்க்காமலே திரும்ப நேர்ந்தது. அறை ஒன்று இருந்தால் அந்த வேளையில் குளித்துப் படுத்துவிடலாம்.

கடற்கரைக் கோயிலுக்கு விடியற்காலையைத் தவிர வேறு நேரத்தை நான் பரிந்துரைக்கமாட்டேன். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் இராசசிம்மன் காலத்தில் கற்களை அடுக்கிக் கட்டிய அந்தக் கோயிலை, ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக உப்புக்காற்று அரித்திருக்கிறது. தொல்லியல் துறையினர் காகிதக் கூழ் பூசிக் கல்லிலுள்ள உப்பை உறிஞ்சி எடுத்துப் பாதுகாத்து வந்தாலும், மழுங்கிய முகங்கள் மீள்வதில்லை. அந்த மங்கிய கோடுகள் கடலிலிருந்து எழும் முதல் வெளிச்சத்தில் மட்டுமே கொஞ்சம் உயிர்பெறுகின்றன. கிழக்கு நோக்கிய பெரிய சன்னதியின் பின்சுவரில் உள்ள சோமாஸ்கந்தரை நாங்கள் அந்த வெளிச்சத்தில்தான் கண்டோம். சுற்றிலும் பத்துப் பேர்கூட இல்லை.

தங்குவதில் சில இடர்களும் உண்டு. நுழைவுச்சீட்டு அன்றைய நாளுக்கு மட்டுமே செல்லும் என்பதால், முதல்நாள் மாலை ரதங்களையும் மறுநாள் காலை கடற்கரைக் கோயிலையும் பார்க்க இரண்டு முறை சீட்டு வாங்க வேண்டும். வார இறுதியில் வாடகை ஏறிவிடும். நாங்கள் தங்கிய அறை சுத்தமாக இருந்தது. ஆனால் அது மாடியில் அமைந்திருந்ததும், மின்தூக்கி இல்லாததும் என் தாயாரின் முழங்கால்களுக்குத் தொல்லையாயின. முன்பதிவு செய்யும்போதே தரைத்தள அறை கேட்காதது என் தவறு. பெருமழைக் காலமான ஐப்பசி, கார்த்திகையில் நான் அங்கே தங்கியதில்லை. மேகம் மூடிய நாளில் வெளிச்சத்தைப் பற்றி மேலே சொன்னவை பொருந்தாது என்பதால், அந்த மாதங்களில் ஒரே பகலில் திரும்புவதே மேலாக இருக்கலாம். பள்ளிக் குழந்தைகளை மொத்தமாக அழைத்துச் செல்பவர்களுக்கும், வெளியூர்ப் படுக்கையில் உறக்கம் வராத முதியவர்களுக்கும் அதுவே ஏற்றது.

எங்களுக்கு மாலை கிடைத்ததால் விளைந்த இன்னொரு நன்மை தலசயனப் பெருமாள் தரிசனம். திருமங்கையாழ்வார் கடல்மல்லை என்று பாடிய தலம் அது; பூதத்தாழ்வார் அவதரித்த ஊரும் இதுவே. நண்பகலில் நடை சாத்தியிருப்பதால் என் முந்தைய பயணங்களில் கோபுரத்தை மட்டும் வணங்கிவிட்டுத் திரும்பியிருக்கிறேன். தரையில் பள்ளிகொண்ட பெருமாளை விளக்கொளியில் கண்ட பிறகு, என் தாயார் அங்கிருந்து எழ அரைமணி நேரம் ஆயிற்று.

தங்க முடிவு செய்பவர்கள் வார நாளில் பிற்பகல் இரண்டரை மணிக்குள் அறைக்கு வந்து, மூன்றரைக்கு வராக மண்டபம், நான்கரைக்கு ரதங்கள், விளக்கு வைத்த பிறகு பெருமாள் கோயில் என்று வைத்துக்கொள்ளலாம். மறுநாள் ஆறு மணிக்குக் கடற்கரைக் கோயில், அடுத்து அருச்சுனன் தபசு, பிறகு துர்க்கை குகை என்று முடித்தால் பத்து மணிக்குள் அறைக்குத் திரும்பிவிடலாம். சென்னை திரும்பும் வழியில் 5 கிலோமீட்டர் வடக்கேயுள்ள சாளுவன்குப்பத்தில் புலிக்குகையும், 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு அகழ்ந்து வெளிப்படுத்தப்பட்ட செங்கல் முருகன் கோயிலும் இருக்கின்றன. அவற்றுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.