கண்ணாடி சொல்வதும் கடைவாய் சொல்வதும்: கம்பியா, அலைனரா?

பல்லைச் சீராக்கலாம் என்று முடிவெடுத்த யாரும் முதலில் கேட்பது, "வெளியே தெரியாமல் போட முடியுமா?" என்பதைத்தான். முப்பத்து நாலு வயதில் நானும் அதையே கேட்டேன். டாக்டர் பதில் சொல்லாமல் ஒரு சின்னக் கண்ணாடியை என் கையில் கொடுத்தார். கடைவாயைக் கடித்துக்கொண்டு உதட்டை மட்டும் விரிக்கச் சொன்னார். கீழ் முன்பற்கள் கண்ணிலேயே படவில்லை, மேல்வரிசை முழுசாக மூடியிருந்தது. "கீழ்ப்பல் போய் எங்கே இடிக்கிறது தெரியுமா? மேல் அண்ணத்தில்" என்றார். நாக்கால் தடவினேன். முன்பல்லுக்குப் பின்னால் சதையில் வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள். எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று அத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

எனக்குக் கம்பி. அடுத்த வருடம் என் தங்கைக்கு அலைனர், அதாவது கழற்றி மாட்டும், கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் உறை. ஒரே வீட்டில் இரண்டையும் பார்த்த பிறகு சொல்கிறேன்: தெரியுமா தெரியாதா என்பதைக் கடைசிக் கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பல் எந்தப் பக்கம் நகர வேண்டும், அதற்கு நம் ஒழுக்கத்தை எவ்வளவு நம்பலாம், இந்த இரண்டுதான் முதலில்.

எதைப் போட்டாலும் உள்ளே நடப்பது ஒன்றே. பல்வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு நார்ப்படலம் இருக்கிறது. பல்லை ஒரு பக்கமாக மெதுவாக, விடாமல் தள்ளினால், அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் செல்கள் வந்து வழிவிடும். விலகிய பக்கத்தில் வேறு செல்கள் புது எலும்பைக் கட்டும். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர், அவ்வளவுதான் வேகம். ஆறே மாதத்தில் எல்லாம் முடியும் என்று யாராவது சொன்னால், எதை விட்டுவிட்டு முடிக்கப்போகிறார்கள் என்று கேளுங்கள்.

உலோகக் கம்பியின் பலம் அதன் பிடி. ஒவ்வொரு பல்லிலும் பிராக்கெட் என்ற சின்னத் துண்டை ஒட்டுவார்கள்; அதன் காடிக்குள், அதாவது நடுவே உள்ள பள்ளத்துக்குள், கம்பி உட்காருகிறது. முதல் மாதங்களில் போடுவது நிக்கல் டைட்டானியம். எவ்வளவு வளைத்தாலும் பழைய வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும் உலோகம், திரும்பும்போது பல்லையும் கூட இழுத்துக்கொண்டு போகும். பிறகு வருவது செவ்வக வெட்டுள்ள தடித்த கம்பி. செவ்வகக் காடியில் செவ்வகக் கம்பி என்ற யோசனையை எட்வர்ட் ஆங்கிள் என்ற அமெரிக்கர் 1920களில் கொண்டுவந்தார். கம்பியை முறுக்கினால் பல்லின் தலை மட்டும் சாயாமல் வேரும் சேர்ந்து நகரும். எலும்புக்குள் மாட்டிக்கொண்ட கோரைப்பல்லை இறக்க, நன்றாகத் திரும்பிய பல்லை நேராக்க, பிடுங்கிய பல்லின் இடத்தை மூட எல்லாம் இன்றும் இதற்குத்தான் முதல் இடம். அப்புறம் ஒன்று, இதைக் கழற்ற முடியாது. சோம்பேறிக்கும் இருபத்து நாலு மணி நேரமும் வேலை செய்யும். நான் சோம்பேறி.

அதற்கான விலையை வாய் கொடுக்கும். முதல் வாரம் கன்னத்தின் உள்பக்கம் புண். ஒருநாள் இரவு பதினொரு மணிக்குக் கம்பியின் வால் வெளியே வந்து குத்த, மெழுகை உருண்டையாக்கி ஒட்டிக்கொண்டு படுத்தேன். இதெல்லாம் போய்விடும். போகாதது வெள்ளைத் தழும்பு. பிராக்கெட்டைச் சுற்றி அழுக்கு தங்கினால் ஒரே மாதத்தில்கூட எனாமலில் சுண்ணாம்புப் பொட்டு போல வெள்ளை விழும். கிளிப்பைக் கழற்றும் நாளில் சீரான பற்களின் மேல் சதுரம் சதுரமாக வெள்ளைக் கறையைப் பார்ப்பது எவ்வளவு பெரிய ஏமாற்றம்! பல்லிடுக்குக்கான குட்டி பிரஷ் இல்லாமல் கம்பி போடவே கூடாது.

அலைனர் இதற்கு நேர் எதிர். கழற்றலாம், சாப்பிடலாம், பல்லை வழக்கம்போலத் தேய்க்கலாம். ஈறு சுத்தமாக இருப்பதில் கம்பியைவிட இது மேல், சந்தேகமே இல்லை. ஒவ்வொரு பிளாஸ்டிக் உறையும் பல்லைக் கால் மில்லிமீட்டர் அளவுக்கு நகர்த்தும். ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடுத்த உறை. லேசான நெரிசல், முன்பல் சந்து, சாய்ந்த பல் என்றால் யோசிக்காமல் இதற்கே போகலாம். ஆனால் 'கண்ணுக்கே தெரியாது' என்பது பாதி உண்மை. உறை பல்லைப் பிடிக்கப் பல்லின் மேலேயே சின்னச் சின்ன மேடுகளை ஒட்டுவார்கள்.

பல் எப்படி நகரும் என்று முன்கூட்டியே திரையில் காட்டும் படத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். கணினி திட்டமிட்ட அசைவில் உண்மையில் எவ்வளவு நடந்தது என்று இன்விசலைன் என்ற அலைனர் பிராண்டை வைத்து அளந்தார்கள். 2009 ஆய்வில் சராசரியாக 41 சதவீதம், 2020 ஆய்வில் 50 சதவீதம். மீதியை எட்ட மறுபடி அளவெடுத்துப் புது உறைகள் போட வேண்டியிருக்கும். உருண்டையான பற்களைத் திருப்புவது இதற்குக் கஷ்டம், பல்லைக் கீழே இழுப்பதும் கஷ்டம்.

எல்லாவற்றுக்கும் மேல், நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருக்க வேண்டும். என் தங்கை பதினாலு மணி நேரம் போட்டாள். ஒருமுறை டிஷ்யூவில் சுற்றி வைத்ததைக் குப்பையோடு கொட்டிவிட்டு, இரவில் குப்பைக்கூடையைக் கவிழ்த்துத் தேடினாள். ஒன்பதாவது உறை உட்காரவில்லை. பல் நுனிக்கும் பிளாஸ்டிக்கிற்கும் நடுவே மெல்லிய கீற்றாக இடைவெளி. "அழுத்தினா சரியாயிடும்க்கா" என்றாள். ஆகவில்லை. இரண்டு உறை பின்னால் போய்த் திரும்ப ஆரம்பித்தாள். உறையோடு இனிப்புப் பானம் குடிக்கும் பழக்கம் வேறு. சர்க்கரை உள்ளே தேங்கிப் பல்லை ஊறவைத்துவிடும், சொத்தைக்கு அதைவிட வசதி வேண்டாம்.

செராமிக் பிராக்கெட் பல் நிறத்தில் இருக்கும், வேலை உலோகத்துடையதே. கடினமான பொருளானாலும் சட்டென்று உடையும். என்னைப் போல ஆழமாகக் கடிப்பவர்களின் கீழ்வரிசையில் ஒட்டினால் எதிரே இருக்கும் மேல்பல்லைத் தேய்த்துவிடும். பல்லின் உள்பக்கம் ஒட்டும் கம்பி 1970களில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் உருவானது. உண்மையிலேயே தெரியாது. நாக்குப் புண்ணும் கொஞ்ச நாள் குழறும் பேச்சும் அதற்கான கட்டணம்.

வெனீரை இந்த வரிசையில் வைப்பதே எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் எல்லோரும் வைக்கிறார்கள். முன்பக்க எனாமலைப் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சீவி, மேலே ஓடு ஒட்டுவது. சில வாரத்தில் புகைப்படச் சிரிப்பு வந்துவிடும். சீவிய எனாமல் திரும்ப வராது, அந்த ஓடுகளை ஆயுள் முழுக்க அவ்வப்போது மாற்ற வேண்டும், பல் இருந்த இடத்திலேயே இருக்கும். என் அண்ணத்தில் இடித்துக்கொண்டிருந்த பல்லுக்கு வெனீர் என்ன செய்திருக்கும்? நிறம் மங்கிய, வடிவம் குறைந்த பல்லுக்கு அது நல்ல வைத்தியம். கோணல் பல்லுக்கு வெறும் மறைப்பு.

பலன் விஷயத்தில் விளம்பரங்கள் ஒன்றைக் கலந்துகட்டி விற்கின்றன. லேசாக நெரிந்த பல்லை நேராக்கினால் சொத்தையும் ஈறு நோயும் தானாகக் குறையும் என்பதற்கு ஆதாரம் பலவீனம். நன்றாகத் தேய்ப்பவருக்குத் தெத்துப்பல்லும் ஆரோக்கியமாக இருக்கும். உறுதியாகப் பலன் கிடைக்கும் இடங்கள் வேறு: அண்ணத்தைக் குத்தும் ஆழக்கடி, மேல்பல் கீழ்ப்பல்லுக்கு உள்ளே விழுந்து ஈறைக் கீழே தள்ளும் குறுக்குக்கடி, பக்கத்துப் பல்லின் வேரை அரிக்கும் புதைந்த கோரைப்பல், விழுந்தால் முதலில் உடையும் எத்துப்பல். குழந்தைகளின் எத்துப்பல்லைச் சீக்கிரமே உள்ளே கொண்டுவந்தால் அடிபடுவது குறைகிறது.

முகத்துக்கும் இதே கணக்குத்தான். எத்துப்பல் உள்ளே போனால் உதடு தானாக மூடும், முகவாய் இறுக்கம் தளரும். அந்த மாற்றம் நன்றாகவே தெரியும். ஆனால் பல் போகும் அளவுக்கு உதடு போகாது, கன்ன எலும்போ மூக்கோ மாறாது. தாடையே சிறியது என்றால், வளரும் வயதில் கழற்றி மாட்டும் கருவிகள் ஓரளவு உதவும். குறுகிய மேல் தாடையை அகலமாக்க அண்ணத்தின் நடுவே இரண்டு எலும்புகள் சேரும் தையல் இறுகுவதற்கு முன் வந்தால் சுலபம். அதனால்தான் ஏழு வயதிலேயே ஒருமுறை காட்டச் சொல்கிறார்கள். வளர்ந்த பிறகு தாடை எலும்பை நகர்த்தப் பெரும்பாலும் அறுவைசிகிச்சை தேவைப்படும். எந்த அலைனரும் அதைச் செய்யாது.

இத்தனை வித்தியாசத்துக்குப் பிறகு எல்லோரும் வந்து சேரும் இடம் ரீடெய்னர், நகர்ந்த பல்லை அங்கேயே பிடித்து வைக்கும் கருவி. நார்ப்படலத்துக்குப் பழைய இடத்தின் ஞாபகம் லேசில் போகாது, வயதாக ஆகக் கீழ் முன்பற்கள் தானாகவே நெரியும். எனக்குக் கீழ்வரிசையின் பின்னால் மெல்லிய கம்பி ஒட்டியிருக்கிறது. தங்கை இரவில் மட்டும் உறை போடுகிறாள். ஒரு பயணத்தில் பத்து நாள் மறந்துவிட்டுத் திரும்பப் போட்டபோது, "பல்லு இடுக்கி வெச்சு அமுக்கின மாதிரி இருக்குக்கா" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

என் புகைப்படத்தில் யாரும் எந்த மாற்றத்தையும் கண்டுபிடிக்காத ஏழாவது மாதத்தில், ஒருநாள் காலை நாக்கு வழக்கம்போல முன்பல்லுக்குப் பின்னால் போனது. பள்ளங்களைக் காணோம்.