ஏழு குழி இரும்புப் பணியாரக் கல்: வாங்கலாமா?

மதுரை கீழமாசி வீதிப் பக்கம் ஒரு பாத்திரக் கடையில் 750 ரூபாய்க்கு வாங்கினோம். வார்ப்பு இரும்பு, ஏழு குழி, ஒரு கையால் தூக்கினால் மணிக்கட்டு வலிக்கிற கனம். “பழக்கின கல்லு சார், நேரா ஊத்தலாம்” என்றார் கடைக்காரர். அதெல்லாம் சும்மா. கழுவக் கழுவக் கரி வந்தது. முதலில் ஊற்றியதைச் சுரண்டித்தான் எடுத்தோம். அம்மா வடிகஞ்சியை ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவைத்து, நல்லெண்ணெய் தடவிக் காயவைத்து, வெங்காயத்தை வதக்கி வதக்கிக் கொட்டினார். அப்புறம்தான் கல் வழிக்கு வந்தது.

வாங்கியதே ஆறு வயது மகளுக்காக. இட்லி, தோசை என்றால் சட்னியைத் தள்ளிவிட்டுச் சர்க்கரை கேட்பாள். காய் என்றால் வாயைத் திறக்கவே மாட்டாள். இப்போது முதல் நாள் அரைத்த இட்லி மாவு இரண்டு பங்குக்குக் கேப்பை மாவு ஒரு பங்கு கலந்து, சின்ன வெங்காயம், துருவிய கேரட், முருங்கைக் கீரை வதக்கிப் போடுகிறோம். கேப்பையில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியில் அது மிகக் குறைவு.

கீரையை ஒளித்துக் கொடுப்பதெல்லாம் எங்கள் வீட்டில் செல்லாது. பிட்டுப் பார்த்துவிட்டு, “அப்பத்தா, இதுல கீரை இருக்குல்ல?” என்றாள். “இருக்கு தாயி. வேணாம்னா ஓரத்துக் குழியில வெறும் வெங்காயந்தான், அதை எடுத்துக்க” என்றார் அம்மா. அவள் கீரை போட்டதையே தின்றாள். காரணம், அதைத் திருப்பிப் போட்டவள் அவள். ஸ்டூலில் ஏறி, அப்பத்தா கையைப் பிடித்துக்கொள்ள, கம்பியால் ஓரத்தை நெம்பினால் உருண்டை தானாகப் புரளும். அந்த வேலைக்காகவே அடுப்படிக்கு வருகிறாள். எத்தனை வேண்டும் என்பதையும் அவளே சொல்வாள். இரண்டு போதும் என்றால் இரண்டுதான், கெஞ்சுவதில்லை.

கருப்பட்டி போட்ட இனிப்புப் பணியாரம் அபாரமாக வரும். ஆனால் கருப்பட்டியும் சர்க்கரைதான். அது விசேஷ நாளுக்கு மட்டும்.

கல்லில் சமைத்தால் இரும்புச் சத்து இறங்கும் என்றும் கடைக்காரர் சொன்னார். புளித்த மாவில் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அதற்காக, ரத்தசோகைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை யாரும் நிறுத்திவிட வேண்டாம்.

குறைகள் என்றால், நடுக்குழி சீக்கிரம் கருகும்; சின்ன பர்னரில் ஓரத்துக் குழிகள் வேக நேரமாகும். காதுப் பிடி கொதிக்கும், பிள்ளை பக்கத்தில் நிற்கும்போது கவனம். கழுவியதும் துடைத்து எண்ணெய் தடவாவிட்டால் மறுநாளே துரு. இண்டக்‌ஷன் அடுப்பு மட்டும் வைத்திருப்பவர்கள் இதை வாங்காதீர்கள், அடிப்பக்கம் புடைப்பு புடைப்பாக இருப்பதால் சூடு சரியாகப் பிடிக்காது.