குளிர்பதன மீன் கடை: சீட்டில் உள்ளதும் இல்லாததும்

மகளுக்குப் பிரசவமாகி மூன்று வாரம் ஆகியிருந்தது. சுறாப் புட்டு செய்ய வேண்டும் என்று வீட்டில் சொன்னதால், மே மாதத்து வெயிலில் பால்சுறா தேடி, சென்னையில் எங்கள் பகுதியில் புதிதாகத் திறந்திருக்கும் குளிர்பதன மீன் கடைக்குப் போனேன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் தட்டுகளில் மீனை அடுக்கி, ஒவ்வொரு தட்டின் மேலும் அச்சிட்ட சீட்டு ஒட்டி விற்கும் இத்தகைய கடைகள் இப்போது பல இடங்களில் வந்துவிட்டன.

குறை சொல்வதற்கு முன் நிறைகளைச் சொல்லிவிடுகிறேன். கடையில் ஈ இல்லை, கவிச்சி வாடை இல்லை, தராசு வாடிக்கையாளரின் கண்ணுக்கு நேராக இருக்கிறது. குழம்புக்கு வேறு, வறுவலுக்கு வேறு என்று கேட்ட கனத்தில் துண்டு போட்டுத் தருகிறார்கள். வெட்டுக்கூலி தனியாக வாங்குவதில்லை.

ஆனால் இந்தக் கடையில் மீனை விற்பது மீன்காரர் அல்ல, சீட்டுதான். முதல் அடுக்கில் 'திலாப்பியா ஃபில்லட்' என்ற தட்டு இருந்தது. அதன் மேல் சிவப்பு இதயப் படம், கீழே 'ஒமேகா-3 உள்ளது' என்ற வரி. ஒமேகா-3 என்பது இதயத்துக்கு நல்லதென்று சொல்லப்படும் கொழுப்பு வகை. திலாப்பியா என்பது நம் ஏரி குளங்களில் கிடைக்கும் ஜிலேபி மீன்தான். அந்தப் பெயரில் கூவி விற்றால் பேரம் பேசி வாங்குகிறவர்கள், முள் நீக்கி இதயம் ஒட்டிய தட்டுக்குச் சொன்ன விலையைக் கொடுக்கிறார்கள். எனக்கு முன்னால் நின்ற பெண்மணி சீட்டை நிதானமாகப் படித்துவிட்டு இரண்டு தட்டுகளை எடுத்துக்கொண்டார். உண்மையைச் சொன்னால் நானும் ஒன்றை எடுத்தேன்.

அந்த வரி பொய்யில்லை. நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, 100 கிராமிலும், 100 கிலோகலோரி தரும் அளவிலும், ஒமேகா-3 வகையைச் சேர்ந்த இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்னும் இரண்டு கொழுப்பு அமிலங்களும் சேர்ந்து 40 மில்லிகிராம் இருந்தாலே ஒமேகா-3 இருப்பதாகச் சீட்டில் போட்டுக்கொள்ளலாம். ஜிலேபி மீனில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 90 மில்லிகிராம் இருக்கும் என்பதால் அது எளிதாகத் தேறிவிடுகிறது. மத்தியிலோ ஏறக்குறைய 1 கிராம், கொழுப்பேறிய பருவத்தில் அதற்கு மேலும் இருக்கும். அந்த மத்தி கடையின் மூலையில், பனிக்கட்டி போட்ட தொட்டியில், சீட்டும் இதயமும் இல்லாமல் மிகக் குறைந்த விலைக்குக் கிடந்தது. அந்தப் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்தது 'ஃபிரெஷ்' என்ற சொல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் நம் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. நாட்டுப்படகு மீன் கொஞ்சம் வரும். மற்றவை மேற்குக் கரையிலிருந்தோ உறைபெட்டியிலிருந்தோ வந்தாக வேண்டும். எந்தக் கரை, பிடித்த நாள் எது என்று சீட்டில் இல்லை. பாக்கிங் தேதி மட்டும் பளிச்சென்று இருக்கிறது. வஞ்சிரத் துண்டை உறையோடு சேர்த்து அழுத்தினேன். குழி விழுந்தது விழுந்தபடியே நின்றது, தட்டின் அடியில் இளஞ்சிவப்பாகத் தண்ணீர் கசிந்திருந்தது. உறையவைத்து உருகிய மீன் என்றே எனக்குப் பட்டது. பையனிடம் கேட்டால், "நேத்து பேக் பண்ணது சார்" என்கிறார். உறையவைத்த மீனை 'ஃபிரெஷ் ஃப்ரோசன்' என்று சொல்லி விற்க விதி இடம் தருகிறது. வெறும் 'ஃபிரெஷ்' என்று சொல்ல இடமில்லை.

'ஃபார்மலின் இல்லை' என்ற முத்திரையும் எல்லாத் தட்டுகளிலும் இருந்தது. ஃபார்மலின் என்பது பிணங்களைக் கெடாமல் வைக்கப் பயன்படும் ரசாயனம். 2018இல் கேரள எல்லைச் சோதனைச் சாவடிகளில் ஃபார்மலின் கலந்த மீன் ஆயிரக்கணக்கான கிலோ பிடிபட்ட பிறகு வந்த அச்சத்துக்கான பதில் அது. யாரும் சேர்க்கக் கூடாத ஒன்றைச் சேர்க்கவில்லை என்பதைச் சிறப்பாகச் சொல்லிக்கொள்வது எனக்கு வேடிக்கையாகவே பட்டது.

கடைசியில் பால்சுறா கிடைத்தது. தோலுரித்துத் துண்டாக்கி, 'தாய்ப்பால் சுரக்க உகந்தது' என்ற சீட்டோடு இருந்தது. நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருவதுதான், ஆனால் அச்சில் பார்த்தபோது உறுத்தியது. அமெரிக்க அரசு கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் வெளியிட்டிருக்கும் மீன் பட்டியலில், பாதரசம் மிகுந்ததென்று தவிர்க்கச் சொல்லும் வரிசையில் சுறா இருக்கிறது. மத்தியும் நெத்திலியும் முதல் தர வரிசையில் இருக்கின்றன. பெரிய மீன் சிறிய மீனைத் தின்னத் தின்ன, பாதரசம் மேலே உள்ளதன் உடம்பில் சேர்ந்துகொண்டே போகிறது. பால்சுறா சுறாக்களில் சிறியது, அதனால் அவ்வளவு இருக்காது என்று வாதிடலாம். ஆனால் தோலுரித்த துண்டைப் பார்த்து அது பால்சுறாவா, வேறு பெரிய சுறாவின் துண்டா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது? சீட்டும் அதைச் சொல்லவில்லை.

சுத்தத்துக்கும் வெட்டுக்கும் இந்தக் கடைக்கு ஐந்துக்கு நான்கு, சீட்டுக்கு ஒன்றரை தருவேன். ஜிலேபித் தட்டையும் சுறாவையும் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, தொட்டியிலிருந்து அரைக் கிலோ மத்தியும் கால் கிலோ நெத்திலியும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். சுறாப் புட்டு எங்கே என்று சம்பந்தியம்மா இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்.