டஃப்னியா கொக்கா, எதில தொடங்கிறது?

ஃபைனல் இயர் புரொஜெக்டுக்கு புரோகிராம் வெரிஃபிகேஷன் (ஒரு புரோகிராம் சரியா வேலை செய்யும் எண்டு கணித முறையில நிரூபிக்கிறது) எடுக்கப்போறம் எண்டு வாற பிள்ளையள், கட்டுபெத்தை மொரட்டுவ கம்பஸா இருக்கட்டும் ரீட் அவெனியூ கொழும்பு கம்பஸா இருக்கட்டும், கேக்கிறது ஒண்டுதான்: டஃப்னியா, கொக்கா? டஃப்னி (Dafny), கொக் (Coq) ரெண்டும் அந்த நிரூபணத்துக்கான மென்பொருள்கள். (கொக்குக்கு 2025இல ரொக் எண்டு பேர் மாத்திட்டாங்கள், ஆனா இன்னும் எல்லாரும் பழைய பேரைத்தான் சொல்லுறம்.)

என்ர பதில் டஃப்னி. மைக்ரோசொஃப்ட் ரிசேர்ச்சில ருஸ்தான் லெய்னோ செய்தது, டோனி ஹோர் 1969இல எழுதின, புரோகிராம் சரியெண்டு காட்டுற லொஜிக்கின்ர நேர் வாரிசு. பைனரி சேர்ச் (வரிசைப்படுத்தின பட்டியலில லோ, ஹை எண்ட ரெண்டு எல்லைக்கு நடுவில பாதிபாதியாக்கித் தேடுறது) ஒண்டை எழுதி, லூப்புக்கு மேல "தேடுற இலக்கம் லோவுக்கு இடப்பக்கமும் இல்லை, ஹைக்கு வலப்பக்கமும் இல்லை" எண்டு இன்வேரியன்ட் (லூப்பின்ர ஒவ்வொரு சுற்றிலயும் மாறாம உண்மையா இருக்கிற கூற்று) குடுத்தா, மிச்சத்தை உள்ள இருக்கிற இசட்3 எண்ட சோல்வர் தானே நிரூபிக்கும், எங்கயாவது ஒரு இலக்கம் பிசகினா எடிட்டரில அந்த வரிக்குக் கீழ சிவப்புக் கோடு விழும். லூப் ஏன் சரியா ஓடுது எண்டு வகுப்பில படிச்சு விளங்காத பிள்ளைக்கும் இதில விளங்கும்.

ஆனா ஒரு இடத்தில கவனம். டஃப்னியில சாதாரண இன்ட் எண்டா எல்லையே இல்லாத கணித எண். லோவையும் ஹையையும் கூட்டி ரெண்டால பிரிக்கேக்க 32 பிட் தாண்டுற பிழை ஒண்டு ஜாவா லைப்ரரியிலயே பல வருஷம் கிடந்து, 2006இல ஜோஷுவா புளோக் அதைப்பற்றி எழுதினவர். அதே கோடை டஃப்னி பேசாம பாஸ் பண்ணிவிடும், நீங்கள் 32 பிட் எல்லையோட நியூடைப் எண்ட புது எண் வகை ஒண்டு வரையறுத்தாத்தான் பிடிக்கும். நிரூபிச்சாச்சு எண்டு சொல்லமுதல் எதை நிரூபிச்சனீங்கள் எண்டு பாருங்கோ, கொக்குக்கும் இதேதான்.

கொக் வேற குணம். 1984இல பிரான்சில கொக்கான்டும் ஹியூவேயும் தொடங்கின டைப் தியரி (நிரூபணத்தையும் புரோகிராமையும் ஒண்டாப் பாக்கிற கணிதம்) வேலையில இருந்து வந்தது, நிரூபணத்தை நீங்களே படிபடியா எழுதோணும், நாள்கணக்கில ஒரு லெமாவோட (துணைத் தேற்றம்) மல்லுக்கட்டவும் வரும். அதுக்குக் கிடைக்கிறது நம்பிக்கை: கடைசியா சரிபாக்கிறது சின்ன கெர்னல் (உள்மையப் புரோகிராம்) ஒண்டு, டஃப்னியில எண்டா முழு சோல்வரையும் நம்போணும், அதோட ஒரு மூலையில வரி மாத்த வேற மூலையில முதல் பாஸான நிரூபணம் டைம்அவுட் ஆகி நிக்கும், அது சரியான எரிச்சல். கொக்கில சேவியர் லெரோய் ஆக்கள் செய்த கொம்ப்சேர்ட் எண்ட சி கொம்பைலரை 2011இல யூட்டா பல்கலைக்கழக ஆக்கள் சிஸ்மித் எண்ட, எழுந்தமானமா சி புரோகிராம் உருவாக்கிற கருவியால போட்டு உலுப்பினவை, ஜிசிசி, எல்எல்விஎம் எண்ட மற்றக் கொம்பைலர் எல்லாத்திலயும் பிழையான கோட் வந்துது, கொம்ப்சேர்ட்டின்ர நிரூபிச்ச பகுதியில அப்பிடி ஒண்டும் வரேல்லை. டெஸ்ட் பண்ணிப் பண்ணி இந்த இடத்துக்கு வரேலாது.

அதால ஒரு செமஸ்டர்தான் கையில இருக்கெண்டா டஃப்னி எடுத்து டேட்டா ஸ்ட்ரக்சர் ஒண்டை முழுசா நிரூபியுங்கோ. எம்ஃபில், பிஎச்டி எண்டு போற யோசனை இருக்கிறவை, கொம்பைலர், கிரிப்டோ பக்கம் மனம் இருக்கிறவை இப்பவே கொக்கைத் தொடுங்கோ, முதல் மாசம் ஒண்டும் நகராத மாதிரி இருக்கும், விடாதேங்கோ. பேங்க் சிஸ்டம் மாதிரி பல சேர்வர் கதைக்கிற டிசைன் எண்டா ரெண்டும் வேண்டாம், லெஸ்லி லம்போர்ட்டின்ர, டிசைனை எழுதிச் சரிபாக்கிற டிஎல்ஏ பிளஸ் மொழி போதும்.