தாம்வே பக்கம் ஒரு லெத்வே கூடம்: சேரலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தொப்பை குறைய வேண்டும், கண்ணாடி முன்னால் நின்று படம் எடுத்துப் போட வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இந்த இடம் சரிப்படாது. வாசலில் பெயர்ப் பலகைகூடக் கிடையாது. ரங்கூனில் தாம்வே சந்தையைத் தாண்டி உள்ளே போகிற தெருவில் கீழே சைக்கிள் ரிப்பேர் கடை, அதன் மேல் தகரக் கூரை போட்ட மாடி, அவ்வளவுதான் கூடம். லெத்வே கற்றுக்கொள்ள வேண்டும் என்று அக்கா மகன் ஒற்றைக் காலில் நின்றான், அவனைச் சேர்த்துவிடப் போன இடத்தில் நானும் சேர்ந்துவிட்டேன். அவனுக்குப் பதினேழு, எனக்கு நாற்பது தாண்டிவிட்டது, ஆனால் இருவருக்கும் ஒரே கட்டணம்தான், மாதம் எழுபதாயிரம் கியாட். ரங்கூன் நகரத்துக்குள் ஏசி போட்ட கூடங்களில் கேட்பதில் இது பாதிகூட வராது.

பர்மாவுக்கு வெளியிலிருந்து படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். லெத்வே இந்த நாட்டின் மரபுச் சண்டை. கையுறை கிடையாது, கையில் காஸ் துணியும் டேப்பும் சுற்றிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். குத்து, உதை, முழங்கை, முழங்கால் எல்லாம் தாய்லாந்துச் சண்டையான மொய் தாயில் இருப்பதைப் போலவே உண்டு, அதற்கு மேல் தலையாலும் முட்டலாம். மரபு விதிப்படி மூன்று நிமிடச் சுற்றுகள் ஐந்து. புள்ளிக் கணக்கே இல்லை. எதிராளி தொடர முடியாமல் போனால் வெற்றி, ஐந்தாவது சுற்று முடிந்து மணி அடிக்கும்போது இருவரும் நின்றுகொண்டிருந்தால் டிரா. முன்பு மணல் தரையில் நடந்துகொண்டிருந்த சண்டையை வளையத்துக்குள் கொண்டுவந்து விதிகளை ஒழுங்குபடுத்தியதில் பெரிய பங்கு சா பா ஞெயினுக்கு உண்டு, 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குத்துச்சண்டையில் கலந்துகொண்டவர். இன்னொரு விதியும் இருக்கிறது, கேட்டால் பலர் நம்ப மாட்டார்கள்: அடிபட்டு விழுந்தவரின் தரப்பு ஒரே ஒரு முறை இரண்டு நிமிட ஓய்வு கேட்கலாம், அதற்குள் தெளிந்துவிட்டால் சண்டை தொடரும். ஐந்தாவது சுற்றில் மட்டும் கேட்க முடியாது.

இந்த விமர்சனத்தை எழுத உட்கார்ந்ததே அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான். மற்ற கூடங்களில் குத்தச் சொல்லித் தருகிறார்கள், உதைக்கச் சொல்லித் தருகிறார்கள், இந்தச் சயா (பர்மிய மொழியில் ஆசிரியர்) அடிபட்ட பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதைப் பாடமாகவே வைத்திருக்கிறார். மனுஷன் கரேன் மாநிலத்துப் பா-ஆன் ஊர்ப் பக்கத்துக் கரேன் இனத்தவர், அறுவடை முடிந்த பிறகு நடக்கும் ஊர்த் திருவிழாக்களில் சண்டை போட்டே வளர்ந்தவர், மூக்கு இரண்டு இடத்தில் வளைந்திருக்கும். பேட் பிடித்துக்கொண்டு மூச்சு முட்டுகிற வரை அடிக்க வைப்பார், இனி முடியாது என்று கை தானாக இறங்குகிற நேரம் பார்த்து நிறுத்தி ஸ்டூலைக் காட்டுவார். உட்கார வேண்டும், பல் காப்பைக் கழற்ற வேண்டும், பிடரியில் ஈரத் துணி விழும். முதல் ஒரு நிமிடம் யாரும் பேசக் கூடாது, நாமும் பேசக் கூடாது, மூச்சு மட்டும். அப்புறம் குனிந்து காதருகே ஒரே ஒரு விஷயம் சொல்வார், இரண்டு சொல்ல மாட்டார், ஏனென்றால் அந்த நிலையில் இருப்பவன் தலைக்குள் இரண்டாவது போகாதாம். எழுப்பி நிறுத்திவிட்டுக் கேள்வி கேட்பார்: "கடைசியா நான் எந்தக் கையை இறக்கினேன்?"

பதில் சரியாக இருந்தால் அடுத்த சுற்று. தவறாக இருந்தால் மறுபடியும் ஸ்டூல். உடம்பில் தெம்பு எவ்வளவு மிச்சம் இருந்தாலும் சரி, கேள்விக்குப் பதில் வராதவனுக்கு அன்று ஸ்பாரிங், அதாவது ஜோடி போட்டுப் பயிற்சிச் சண்டை, இல்லை. அக்கா மகனுக்கு இதில் பயங்கரக் கடுப்பு, அவன் வேகமாக அடிக்கிறவன், ஆனால் அடித்துக்கொண்டிருக்கும்போது எதையும் பார்க்க மாட்டான். நான் மெதுவாகத்தான் அடிப்பேன், ஆனால் கணக்கு வேலை பார்க்கிறவன் இல்லையா, எது எங்கே இறங்கியது என்பது ஞாபகம் இருக்கும்! புள்ளிக் கணக்கு உள்ள விளையாட்டில் ஒரு சுற்றை விட்டாலும் அடுத்ததில் பிடிக்கலாம் என்று மனம் சமாதானம் சொல்லும். இங்கே முன்னால் இருந்தவன் என்று யாருமே கிடையாது, நாலரைச் சுற்று நன்றாகச் சண்டை போட்டதற்கு ஒரு மதிப்பும் இல்லை, அதனால் களைப்பில் எவன் கவனம் கடைசியாகக் கலைகிறதோ அவன்தான் தேறுவான் என்பது சயாவின் கணக்கு. எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது.

சுவரில் பர்மிய லெத்வே வீரர் டுன் டுன் மின் படம் மாட்டியிருக்கிறார்கள். 2016-இல் அவரும் கனடாக்காரர் டேவ் லெதுக்கும் இரண்டு முறை மோதினார்கள், அக்டோபரில் டிரா, டிசம்பரில் லெதுக் ஜெயித்துப் பட்டத்தைக் கொண்டுபோனார். இந்தப் பேச்சை எடுத்தால் பையன்கள் இன்றைக்கும் சண்டைக்கு வருவார்கள், சயா மட்டும் வாயே திறப்பதில்லை.

இங்கேயே தங்கிப் பயிற்சி எடுக்கும் தொழில்முறை வீரர் ஒருவர் இருக்கிறார், இருபத்தைந்துக்குள் வயது இருக்கும், பெயர் வேண்டாம். அவரைப் பார்ப்பதற்காகவாவது ஒரு தடவை போய் வரலாம் என்பேன். விடியற்காலையில் கண்டோஜி ஏரிப் பக்கம் ஓடிவிட்டு வருவார், சாப்பிடுவார், தூங்குவார், மாலையில் பயிற்சி, மறுபடி தூக்கம். பார்க்க ஒரு சுவாரசியமும் இல்லாத வாழ்க்கை. ஆனால் ஒரு பள்ளிக்கூட நோட்டு வைத்திருக்கிறார், அதில் தினமும் கோடு போட்டு எழுதுகிறார்: எடை, எத்தனை மணிக்குத் தூங்கினேன், எங்கே வலி, யாரிடம் கோபப்பட்டேன். இங்கேயே பிறந்து வளர்ந்த நமக்குப் பர்மிய எழுத்து தெரியும், எட்டிப் பார்த்தேன். ஒரு நாள் பக்கத்தில் கோபத்துக்கு நேரே "அரிசிக் கடைக்காரர்" என்று இருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துச் சிரித்தாரே தவிர மூடவில்லை. அன்று மாலை அவரைச் சயா ஸ்பாரிங்கில் விடவில்லை, மணல் மூட்டைதான். கோபத்தோடு வருகிறவன் எதிராளியைப் பார்க்காமல் அரிசிக் கடைக்காரரைப் பார்த்து அடிப்பான் என்று காரணம் சொன்னார்.

அதே வீரர் போன மழைக்காலத்தில் ஒரு சண்டையில் தலையில் பலமாக அடி வாங்கி வந்தார். ஒரு மாதம் தலையில் கை படக் கூடாது என்று சயா சொல்லிவிட்டார், நடுவில் நல்ல பணத்துக்கு ஒரு திருவிழாச் சண்டை வந்தது, அதையும் விட்டார்கள். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஸ்கிப்பிங் ஆடினார், ஆனால் ஒரு நாள்கூட எதிர்த்துப் பேசவில்லை. தலையில் திரும்பத் திரும்ப அடி விழுந்தால் மூளைக்குக் கேடு என்பது எல்லோருக்கும் தெரியும், பணம் வரும்போது எத்தனை பேர் அதை ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் கேள்வி. பிள்ளைகளுக்கு இங்கே தலைமுட்டு சொல்லித் தருவதில்லை, பதினெட்டு வயதாக வேண்டும். வேறொரு கூடத்தில் பத்து வயதுப் பையன்களை ஒருவரையொருவர் முட்ட விட்டுக் கைதட்டியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதனால் இந்த ஒரு விஷயத்துக்காகவே பெற்றோருக்கு இந்த இடத்தைச் சிபாரிசு செய்வேன்.

புதிதாகச் சேர்பவர்கள் முதல் வாரங்களில் சலித்துப்போவார்கள், அது நிச்சயம். கை கட்டுவதுதான் பாடம். காஸ் துணியை மணிக்கட்டில் ஆரம்பித்து, விரல் இடுக்குகளில் விட்டு, சுருக்கம் விழாமல் இழுத்து, முட்டி மேல் தட்டையாக வர வேண்டும், ஒரு மடிப்பு தூக்கிக்கொண்டிருந்தாலும் சயா அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டச் சொல்வார். "மாமா, இதுக்கா காசு கொடுத்தோம்?" என்று அக்கா மகன் என் காதில் கடித்தான். அதன் பிறகு லெக்கமௌங், இடது கையை முக்கோணமாக மடித்து வலது உள்ளங்கையால் அதில் ஓங்கித் தட்டுவது, நம் பயில்வான்கள் தொடை தட்டுவதைப் போல எதிராளியைக் கூப்பிடுவது. அது 'டப்' என்று ஒலிக்க வேண்டும், சதையில் பட்டால் வலிதான் வரும், சத்தம் வராது. எனக்கு இன்னும் பாதி நேரம் சத்தம் வருவதில்லை.

இனி குறைகள். கழிப்பறையைப் பற்றி எழுதாமல் விடுவதே மரியாதை. பயிற்சிக்கு மட்டும் கொடுக்கும் பொதுக் கையுறைகள் ஈரம் காயாமல் நாறும், சொந்தமாக வாங்கிக்கொண்டு போய்விடுங்கள். கரண்ட் போனால் மின்விசிறி நின்றுவிடும், பேட்டரி விளக்கில் பயிற்சி நடக்கும், சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அது சித்திரவதை. ரசீது தர மாட்டார்கள். பெண்களுக்குத் தனி நேரம் இல்லை, உடை மாற்றத் தடுப்புத் துணிதான் இருக்கிறது, என் அக்கா இதைப் பார்த்துவிட்டுத்தான் தன் பெண்ணை அனுப்பவில்லை. அவர் சொன்னது நியாயம். சயாவிடம் சொன்னேன், தலையாட்டினார், இன்னும் ஒன்றும் நடக்கவில்லை.

இங்குள்ள தமிழர்கள் கேட்கும் இன்னொரு விஷயம், அங்கே எப்படி நடத்துவார்கள் என்பது. தெருவில் நம்மைக் 'கலா' என்று, இந்திய வம்சாவளியினரை இளக்காரமாகச் சொல்லும் சொல்லால், கூப்பிடுவது நமக்குப் பழகிப்போன ஒன்று, இங்கே அந்தச் சொல்லை நான் கேட்கவில்லை, சின்னப் பையன்கள் எல்லோரும் என்னை 'அகோ' (அண்ணன்) என்றுதான் கூப்பிடுகிறார்கள். தீமிதிக்கு அக்கா மகன் விரதம் இருந்தபோது சயாவே எத்தனை நாள், என்ன சாப்பிடலாம் என்று கேட்டு, ஸ்பாரிங்கைக் குறைத்து நடையும் மூச்சும் மட்டும் கொடுத்தார். பர்மிய மொழி மட்டும் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த இரண்டு நிமிடத்தில் காதில் சொல்வது புரியாது.

போட்டிக்குப் போக நினைப்பவர்களும், போட்டியே வேண்டாம் ஆனால் ஒழுங்காகக் கற்க வேண்டும் என்பவர்களும் தாராளமாகச் சேரலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் அந்த மாடிப் படியை ஒரு முறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், மழையில் வழுக்கும். பல் காப்பு அங்கே கிடைக்காது, வெளியில் வாங்கிக்கொண்டு போக வேண்டும். ஞாயிறு விடுமுறை. சயா போனை எடுக்கவே மாட்டார், மாலை ஐந்து மணிக்கு முன்னால் நேரில் போனால்தான் ஆளைப் பிடிக்கலாம்.